புளியை எப்பம் ஊத்துன?

ஏழு விசில் விட்டும் பருப்பு வேகவில்லை. குக்கரைத் திறந்தால் அரிசி கூழாகிக் கிடக்கிறது. அதற்குள் துவரம்பருப்பு மட்டும் முழுசு முழுசாக, பல்லில் பட்டால் நறுக்கென்று கடிபடும் பதத்தில் நிற்கிறது. கத்தரிக்காயில் தோல்தான் மிச்சம். முருங்கைக்கீரை கறுத்துப்போய், வடிகட்டிய தேயிலைத் தூள் மாதிரி எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. கும்பகோணத்துக்காரியான என் மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"ஏங்க, இது சாம்பார் சாதம்தானே? இதுல கீரையை ஏன் போட்டீங்க?"

கல்யாணமான புதிது. சென்னையில் மூன்றாவது மாடி வாடகை வீடு. "எங்க ஊர்க் கூட்டாஞ்சோறு பண்ணித் தாறேன், நீ சும்மா உக்காரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவன் நான். அன்றைக்கு ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம். சாயங்காலம் ஊருக்கு, திருநெல்வேலிப் பக்கத்துச் சேரன்மகாதேவிக்குப் போன் போட்டேன். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, காய் என்னென்ன என்று நான் ஒப்பிக்க ஆரம்பித்ததும் அம்மா குறுக்கே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏல, புளியை எப்பம் ஊத்துன?"

"எல்லாத்தோடயும் சேர்த்துத்தாம்மா."

"அப்பம் வேவாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டாள்.

கூட்டாஞ்சோறு என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு நினைவு வருவது, சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து தோப்பில் மூன்று கல் வைத்து ஆக்கும் விளையாட்டுச் சோறு. எங்கள் பக்கமும் அந்த விளையாட்டு உண்டு. ஆனால் திருநெல்வேலி வீடுகளில் "இன்னைக்குக் கூட்டாஞ்சோறு" என்று சொன்னால் அது ஒரு குறிப்பிட்ட சாப்பாடு. அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பாத்திரத்தில் வெந்து, நாட்டுக்காய்கள் சேர்ந்து, தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் அரைத்த மசால் விழுந்து, கடைசியில் முருங்கைக்கீரை போட்டு இறக்குவது. சாம்பார்ப் பொடி கிடையாது. மல்லி, கடலைப்பருப்பு வறுத்து அரைப்பதும் கிடையாது. பட்டை, கிராம்பு பக்கத்திலேயே வரக்கூடாது. பிசிபேளாபாத்துக்கு அண்ணன் தம்பி என்று யாராவது சொன்னால், தூரத்துச் சொந்தம் என்று மட்டும் ஒத்துக்கொள்வேன்.

ஊருக்கு வெளியே பேர் வாங்கியது சொதிதான். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்புமாகக் கல்யாண மறுவீட்டுப் பந்தியில் இஞ்சிப் பச்சடியோடு உட்கார்ந்திருப்பது அது. சொதிக்கு விருந்தாளி வேண்டும். கூட்டாஞ்சோற்றுக்கு யாரும் வேண்டாம். கூடையில் ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய், நாலு சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) என்று எதுவும் தனிக் குழம்புக்குக் காணாமல் கிடக்கிற நாளில் ஆக்குவது. அதனாலேயே இதை யாரும் வாழை இலை போட்டுப் படம் எடுப்பதில்லை. பார்க்கவும் அப்படி ஒன்றும் லட்சணமாக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாகக் குழைந்து கிடக்கும். ஆனால் ஒரு தட்டு சாப்பிட்டால் மத்தியானத்தில் இருந்து ராத்திரி வரை வயிறு கேள்வி கேட்காது.

அந்தத் தோல்விக்கு அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு அடுக்களைத் திண்டில் உட்கார்ந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு. "என்னல, கணக்கு எழுதப் போறியா?" என்றாள். எழுதினேன். அதில் அளவு எழுதிய இடமெல்லாம் இப்போது எனக்குத் தேவையில்லை. எது எப்போது என்று எழுதிய இடம்தான் இன்றுவரை உதவுகிறது.

முதலில் பருப்பு. இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சில வீடுகளில் பருப்பு இதில் பாதிதான்; அது எனக்குச் சோறாகத் தெரியுமே தவிர கூட்டாஞ்சோறாகத் தெரியாது. அம்மா உருளியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஊறிய பருப்பைப் போட்டு, மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விடுவாள். விளக்கெண்ணெய் விட்டால் நுரை பொங்கி அடுப்பில் வழியாது, பருப்பும் மெத்தென்று வேகும் என்பது அவள் கட்சி. சோடா உப்பு போட்டால் இன்னும் சீக்கிரம் வேகும்தான். ஆனால் பி1 வைட்டமினை அது கெடுத்துவிடும், வாசமும் கெடும்.

பருப்பு விஷயத்தில் ஆச்சிக்கு இருந்த பிடிவாதம் அம்மாவுக்கு இல்லை. ஆச்சி காலத்தில் கடைப்பருப்பு வாங்கும் வழக்கமே குறைவு. கரிசல் பக்கத்தில் இருந்து துவரையாக வரும். அதை ஊறவைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண்ணைப் புடைத்துத் தள்ளிவிட்டுத் திருகையில் உடைப்பார்கள். மண் கட்டிய பருப்பு என்று பேர். வேக நேரம் எடுக்கும், ருசி வேறு என்பார்கள். அந்தத் திருகை இப்போது புறவாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. நானும் அதைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கினேன் என்று சொன்னால் பொய், நகர்த்தினேன்.

சென்னையில் ஏன் வேகவில்லை என்பதற்குப் புளி மட்டும் காரணம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகுவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பசை கரைந்து கொடுப்பதுதான். புளிப்பு இருந்தால் அது கரைய மறுக்கும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் அவை அந்தப் பசையோடு சேர்ந்து இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வாடகை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வாளி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆக, உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று இரண்டு எதிரிகளுக்கு நடுவே அந்தப் பருப்பை நான் தள்ளிவிட்டிருக்கிறேன். ஏழு விசில் இல்லை, எழுபது விசில் விட்டிருந்தாலும் அது என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தாமிரபரணித் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஊர்ப்பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொதிகை மலையில் மழையாக விழுந்து, பாறையில் இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே நம் குடத்துக்கு வந்துவிடுகிற தண்ணீர். உப்பைச் சேர்த்துக்கொள்ள அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அல்வாவுக்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பருப்புக்கு அது உண்மை, நானே வேகவைத்துப் பார்த்தவன்.

சரி, பருப்பு. விரலால் நசுக்கினால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிச்சம் இருக்கிற பதத்தில், கழுவிய அரிசி போகும். புழுங்கலரிசிதான். பச்சரிசி பருப்புக்காகக் காத்திருக்காது, அதற்கு முன்னாலேயே குழைந்துவிடும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1986-இல் வந்த ரகம். குண்டு அரிசி. மெல்லிசு அரிசிதான் மதிப்பு என்று ஆகிவிட்ட பிறகு இட்லிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். கூட்டாஞ்சோற்றுக்கு மெல்லிசு அரிசி போட்டால் கிண்டும்போதே ஒடிந்து கஞ்சியாகிவிடும். குண்டு அரிசி குழைந்தாலும் உருவம் நிற்கும்.

தண்ணீர் அளவு கேட்டால் அம்மாவிடம் பதில் கிடையாது. மூன்று டம்ளருக்குப் பன்னிரண்டு டம்ளர் வரை குடிக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் முதலிலேயே ஊற்றக்கூடாது. பக்கத்து அடுப்பில் வெந்நீர் இருக்க வேண்டும், கேட்கக் கேட்க விட வேண்டும். பச்சைத் தண்ணீரை விட்டால் கொதி அடங்கி, சோறு ஒரு மாதிரி விறைத்துப்போகும்.

அரிசி பாதி வெந்ததும் காய். அதிலும் வரிசை உண்டு. முருங்கைக்காய், சீனியவரைக்காய், வாழைக்காய் முதலில். அவை நாலு கொதி கண்ட பிறகு அவரைக்காயும் கத்தரிக்காயும். கத்தரிக்காயை நான்காக வகிர்ந்து போட வேண்டும். பொடியாக நறுக்கினால் காணாமல் போய்விடும். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி போடலாமா என்று கேட்டேன். "போடு, யாரு வேண்டாங்கா. அதுக்குப் பேரு வேற" என்றாள். உருளைக்கிழங்கு மட்டும் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. என் தம்பிக்குப் பிடிக்கும் என்பதால் என்று நினைக்கிறேன். தை மாதத்தில் சிறுகிழங்கு கிடைத்தால் உருளைக்கிழங்கைத் தள்ளிவிட்டு அதைப் போடலாம். தோலை உரிக்கத்தான் பொறுமை வேண்டும். சாக்குப்பையில் போட்டுத் தேய்த்தால் பாதித் தோல் போய்விடும்.

இதற்கு அப்புறம்தான் புளி. அரிசி, பருப்பு, காய் எல்லாம் வெந்து, கரண்டியால் எடுத்துப் பார்த்து, "ம், ஆச்சு" என்று அம்மா சொன்ன பிறகு. எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து விடுவாள். சித்திரை, வைகாசியில் மாங்காய் கிடைத்தால் புளியைப் பாதியாக்கி, மாங்காயைப் பெரிய துண்டாக வெட்டிக் கொட்டையோடு போடுவாள். அந்தக் கொட்டை யார் தட்டில் விழுகிறது என்பதில் நானும் தம்பியும் சண்டை போட்டிருக்கிறோம். மாங்காய் போட்டால் புளியே வேண்டாம் என்று ஒரு கட்சி, மாங்காயே வேண்டாம் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் வேண்டும். மாங்காயின் புளிப்பு மேலே நிற்கும், புளியின் புளிப்பு அடியில் இறங்கும்.

உப்பும் இப்போதுதான். கூடவே மசால். ஒரு மூடித் தேங்காய், எட்டு மிளகாய் வற்றல், ஒன்றரை ஸ்பூன் சீரகம், பத்து சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். மை போல அரைக்கக்கூடாது, கொரகொரவென்று ஒன்றிரண்டாக. உள்ளியைக் கடைசியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். உள்ளி சேர்க்காத வீடுகளில் சீரகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள், வெள்ளைப்பூண்டு வைப்பவர்களும் உண்டு. மசால் விழுந்ததும் வீட்டுக்குள் ஒரு வாசம் மாறும். அதுவரை பருப்பு வாசம். அதற்குப் பிறகு பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற ஆள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிற வாசம்.

இனிமேல் கீரை.

கீரையைப் பற்றிச் சொல்வதற்கு முன் கீரை ஆய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கூட்டாஞ்சோற்றில் உண்மையான வேலை அதுதான். மற்றதெல்லாம் அடுப்பு பார்த்துக்கொள்ளும். முருங்கை இணுக்கு ஒவ்வொன்றிலும் கிளைக்குள் கிளை, அதற்குள் இலை. ஈர்க்கு கலந்துவிட்டால் வாயில் நார் நாராக நிற்கும். முந்தின நாள் ராத்திரி கொத்தை ஈரமில்லாமல் துணியிலோ பேப்பரிலோ சுருட்டி வைத்துவிட்டால், காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஆச்சிக்கும் தெரியும். ஆனால் அவள் செய்ய மாட்டாள். "வாடின கீரையை மாடு திங்கும்" என்பாள். அதனால் கூட்டாஞ்சோறு என்று முடிவான நாளில், வளவில் யார் சும்மா நின்றாலும் அவர் மடியில் ஒரு கொத்து வந்து விழும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் விலக்கு. நான் அந்த விலக்கை வருஷம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு தரம்கூடப் பலிக்கவில்லை. கையில் பச்சை ஏறி, நகக்கண்ணில் ஒரு காரவாடை நிற்கும். ஊர்க்கதை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் காதில் விழுந்தது. யார் யாருக்குச் சொந்தம், எந்தக் கல்யாணம் ஏன் நின்றது, எந்த வயல் யார் கைக்குப் போனது என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி முருங்கை இணுக்கு வழியாக வந்ததுதான்.

எங்கள் புறவாசலில் நிற்பது மரமுருங்கை. கிளையைப் போத்தாக வெட்டி நட்டது. விதையில் இருந்து வருகிற செடிமுருங்கை, பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.-1 மாதிரி, சீக்கிரம் காய்க்கும், நீள நீளமாகக் காய் தரும், வியாபாரத்துக்கு அதுதான் சரி. கீரைக்கு மட்டும் நான் மரமுருங்கைக் கட்சி. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறும், நெருப்பு காட்டிக் கொளுத்த வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

கீரையைப் போடும் விதத்தில் ஆச்சிக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு பழைய வழக்கு உண்டு. ஆச்சி பச்சையாகவே தூவி, ஒரு கிளறு கிளறி இறக்கிவிடுவாள். அம்மா தாளிதத்தில் வதக்கித்தான் சேர்ப்பாள். நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, வெங்காய வடகம் பொரிந்து, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை எல்லாம் சலசலத்த பிறகு, இரண்டு கை கொள்ளும் கீரையை அந்த எண்ணெயிலேயே போட்டு, அது சுருண்டு பளபளவென்று ஆனதும் அப்படியே உருளிக்குள். பிறகு தணலில் ஐந்து நிமிஷம். வதக்கினால் கசப்பு குறைகிறது. இந்த வழக்கில் நான் அம்மா பக்கம்தான். ஆச்சி இருந்தவரை இதை வெளியே சொன்னதில்லை.

ஏன் கீரை கடைசி என்பதற்கும் புளிதான் காரணம். இலையின் பச்சையத்துக்கு நடுவில் ஒரு மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்று போய்விடும், பச்சை போய்ப் பழுப்புப் பச்சையாகும். என் குக்கரில் நடந்தது அதுதான். ஒரே புளி பருப்பை வேகவிடாமலும் கீரையைப் பச்சையாக இருக்கவிடாமலும் செய்திருக்கிறது. ஆக, புளி உள்ளே நுழைவதற்கு முன்னால் பருப்பு வெந்திருக்க வேண்டும். புளி கொதித்து அடங்கிய பிறகு கீரை வர வேண்டும். அம்மாவின் அந்த ஒரு கேள்விக்குள் இவ்வளவும் இருந்தது என்று எனக்கு விளங்க இரண்டு வருஷம் ஆனது. அவளிடம் பெக்டின், மெக்னீசியம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தான நானும் சொன்னேன்" என்றாள்.

சத்துக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் இதில் தீனி இருக்கிறது. துவரம்பருப்பில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள மாங்காயின் புளிப்பு கொஞ்சம் கைகொடுக்கும். ராத்திரியில் கீரை ஆகாது என்பதால் இது எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு மட்டுமே. தொட்டுக்கொள்ளக் கல்லிடைக்குறிச்சி அப்பளம், கூழ்வற்றல், மோர்மிளகாய். தயிர்ப்பச்சடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்பளம் நொறுங்குகிற சத்தம் போதும். மேலே பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி, இதைக் கூச்சப்படாமல் விட வேண்டும்.

உருளியின் அடியில் பிடித்திருக்கும் காந்தலைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தம்பி கோபித்துக்கொள்வான். லேசாகச் சிவந்து, தேங்காயும் பருப்பும் முறுகி, சுரண்டினால் ஏடு ஏடாக வரும். அதை வேண்டுமென்றே பிடிக்கவைக்க முடியாது. வேண்டாம் என்று கவனமாகக் கிளறினால் மட்டும் சரியான அளவில் பிடிக்கும்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி நான் ஊரில் இருந்தேன். அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்காக வந்தவன், மறுநாள் ரயிலுக்குத் திரும்ப வேண்டும். முந்தின ராத்திரியில் இருந்தே மழை. மார்கழி மழை என்றுதான் நினைத்தோம். சாயங்காலத்துக்கு மேல் அது மழை மாதிரியே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஒரு வருஷத்தில் பெய்கிற மழையைவிட அதிகம். திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சமைத்துப் போட்டுத்தான் அந்த ஜனங்கள் பசியாறினார்கள். என் ரயில் ரத்து.

எங்கள் தெரு மேடு. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கரண்ட் போனது, போன் போனது, பால் வரவில்லை, காய் வண்டி வரவில்லை. அந்த ராத்திரியில் எப்போதோ புறவாசலில் மடாரென்று ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் முருங்கை பாதியில் முறிந்து மதிலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. முருங்கை பருத்தால் தூணாகுமா என்பார்களே, தூண் என்ன, நல்ல காற்றுக்குக்கூட நிற்காது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆச்சி நட்ட மரம். அப்புறம், "நின்னு பாத்தா எந்திரிச்சிருமா? கீரையை ஆய்வோம்" என்றாள்.

அவ்வளவு கீரையை ஒரு வீட்டில் என்ன செய்ய முடியும்? அடுத்த வீட்டு மதினி வந்தாள். அவளிடம் பருப்பு இருந்தது, காஸ் தீர்ந்திருந்தது. எதிர்வீட்டில் வாழைக்காய் ஒரு சீப்பு; தோட்டத்தில் குலை சாய்ந்ததில் வெட்டியது. மாடியில் குடியிருந்த விழுப்புரத்துத் தம்பதியிடம் ஒரு பாக்கெட் கேரட்டும் பாதி முட்டைக்கோஸும். முட்டைக்கோஸைப் பார்த்ததும் அம்மா முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். வாங்கி வைத்துக்கொண்டாள், கேரட்டை மட்டும் போட்டாள். கரண்ட் இல்லாததால் மிக்ஸி இல்லை. அம்மியைக் கழுவி மதினி அரைத்தாள். கல்யாணத்துக்கு எடுக்கிற பெரிய சருவத்தில் பருப்பு கொதிக்க ஆரம்பித்தது. மழைத் தண்ணீரைப் பிடித்து வடிகட்டித்தான் வேகவைத்தோம். அதைவிட மென்மையான தண்ணீர் உலகத்தில் எங்கே கிடைக்கும், பருப்பு கரைந்தே போனது.

விழுப்புரத்துப் பெண் புளியைக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போ விடவாம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள். "பொறு தாயி" என்று மூன்று தரமும் அம்மா. நாலாவது தரம் அவள் கேட்கவில்லை, நான்தான் "இப்பம் விடலாம்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பருப்பைக் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டாள்.

பட்டாசலில் பதினாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாங்காய் இல்லை. வடகம் நமுத்துப் போயிருந்தது. உப்பு ஒரு கல் கூடுதல்தான். மாடி வீட்டுக் குழந்தைக்குக் காந்தலின் ருசி பிடித்துப்போய், தம்பி மகனோடு சருவத்துக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தது.

ரயில் ஓட ஆரம்பித்து நான் கிளம்பியபோது, அம்மா முறிந்த மரத்தில் இருந்து மூன்றடி நீளத்தில் இரண்டு போத்து வெட்டி, வெட்டுவாயில் சாணி பூசி, சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். ரயிலில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சென்னை வீட்டு மொட்டைமாடியில் பெயின்ட் டிரம்மில் மண் நிரப்பி நட்டேன். ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்று தை கடைசியில் துளிர்த்தது. குடியிருப்புச் சங்கத்தில், பூச்சி வரும் என்று ஒரு அண்ணன் எழுந்து பேசினார். முதல் கொத்துக் கீரையை அவர் வீட்டுக்குக் கொடுப்பதாகச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தரமாக ஒடித்தேன். நாலு இணுக்கு. மனைவியும் மகளும் நானுமாக உட்கார்ந்து ஆய்ந்தும் ஒரு கைப்பிடிக்கு மேல் வரவில்லை. கூட்டாஞ்சோற்றுக்குக் காணாது. அதில் பாதியைச் சங்கத்து அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை ரசத்தில் போட்டோம்.